கடை போடும் முன் அரசியலையும் எடை போட்டோம்: பாறசாலையா, மார்த்தாண்டமா, நாகர்கோவிலா?

போன மார்கழியில் என் மச்சான் மூன்று இடங்களின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார். ஒன்று கேரளத்தில், பாறசாலை தாண்டி, நெய்யாற்றின்கரை போகும் ரோட்டோரம் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய அரிசி மில். இரண்டாவது மார்த்தாண்டத்துக்கும் குழித்துறைக்கும் நடுவே தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. மூன்றாவது நாகர்கோவில் வடசேரியில் ஒரு சந்துக்குள், ஓட்டுவீடும் பின்னால் நாலைந்து தென்னையும். டைல்ஸ் குடோன் போடப் போகிறோம். குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் சரக்கு வரும். இங்கே இறக்கி, இரண்டு பக்கத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆளுக்குப் பாதி முதல்.

"மூணும் நல்ல எடமாக்கும் மச்சான். வாடகையப் பாத்து முடிவு பண்ணுவோம்" என்றார்.

வாடகை மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் மாறுவது மொழியும் சினிமா போஸ்டரும் மட்டுமில்லை, வேலையும் கூலியும் நடக்கும் முறையும் மாறுகிறது. அங்கே இடதுசாரி அரசியல் ஊரோடு ஊறிப்போனது. 1957இல் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து நடக்கிற கதை அது. நம் குமரி மாவட்டமோ 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி, பாறசாலையையும் மார்த்தாண்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இடதுசாரி அரசியல் ஒரு ஊருக்கு என்ன செய்கிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு எங்கே முடியும்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வலது பக்கம் நிற்பவன். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்டும் லைசென்சும் நாட்டை ஆள்வதை எதிர்த்தாரே, அந்த வலது. மதத்தை முன்னால் வைக்கும் வலது எனக்கு ஒத்துவராது. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. அப்பா எனக்கு நேர் எதிர். தறி நெய்தவர். பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் பேச்சைக் கேட்க எத்தனை மைல் என்றாலும் சைக்கிள் மிதித்தவர். வீட்டில் தினமும் வாதம் நடக்கும். சோறு மட்டும் ஒரே பானை.

முதலில் பாறசாலை. மூன்றிலும் வாடகை அதற்குத்தான் குறைவு, இடமும் அதுதான் பெரியது. திருவனந்தபுரம் பக்கம் வீடு கட்டுவது நிற்கவே நிற்காது, வியாபாரமும் உறுதி. ஆனால் எனக்கு அந்தப் பக்கத்து அனுபவம் ஒன்று உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் நெய்யாற்றின்கரை அருகே ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் கிரானைட் கொண்டுபோனோம். பலகைகள் பெரியவை, கையால் இறக்கினால் விரிசல் விழும். அதனால் கிரேன் பிடித்திருந்தோம். லாரி நின்ற கொஞ்ச நேரத்தில் ஆறு பேர் வந்து பலாமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். தலையில் துண்டு, தோளில் கொக்கி. கிரேன் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி மரச்சட்டத்தில் சாய்த்தது. ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பலகை இறங்கியதும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "ஞங்ஙடெ ஏரியாவாணு சாரே", இது எங்கள் ஏரியா, என்றார். எந்தச் சங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, இந்த விஷயத்தில் கொடியின் நிறம் மாறினாலும் பழக்கம் மாறியதில்லை. அரை மணி நேரம் பேசி, கேட்டதில் பாதிக்கு வந்தார்கள். வாத்தியார் சட்டைப்பையில் இருந்து நூறு நூறாக எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கடன் பணம் அது. எண்ணும்போது அவர் கை நடுங்கியது. அது வயசால் வந்த நடுக்கம் இல்லை.

இதன் பெயர்தான் நோக்குகூலி. பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசே இதைத் தடை செய்தது. செய்தது இடதுசாரி அரசு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் உயர்நீதிமன்றம் 2021இல் கடுமையாகப் பேச வேண்டி வந்தது. சட்டத்தால் போகாத அளவுக்கு அது ஊரின் பழக்கமாகிவிட்டது.

இதன் வேர் ஒரு நல்ல எண்ணம். அதைச் சொல்லாமல் திட்டுவது நியாயமில்லை. 1978இல் கேரளம் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை சுமை தூக்குபவனுக்கு முதலாளி யார் என்றே தெரியாது. காலையில் சந்தை முக்கில் நிற்பான், கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் பட்டினி. முதுகு போனால் வாழ்க்கை போயிற்று. சட்டம் வந்து பதிவு, நல வாரியம், சேமநிதி, மருத்துவ உதவி எல்லாம் கிடைத்தது. கோளாறு அடுத்த படியில் வந்தது. திட்டம் அமலில் உள்ள பகுதிகளில் சுமை பதிவு பெற்றவர்களுக்கே என்றானது. நலத்தோடு ஏகபோகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தெரு முழுக்க ஆறு பேருக்குச் சொந்தம் என்று ஆன பிறகு, கிரேன் வந்தாலும் அந்தத் தெரு அவர்களுடையதுதான்.

இடதுசாரி அரசியல்மேல் வலதுசாரிகள் வைக்கும் விமர்சனத்தில் எனக்கு ஆழமாகப் படுவது இந்த இடம். சங்கம் பேசுவது உள்ளே இருப்பவனுக்காக. வெளியே நிற்பவனுக்காகப் பேச யாரும் இல்லை. அந்த ஆறு பேருக்குக் கிடைத்த பணம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தொல்லைக்குப் பயந்து திறக்காமல் போன கடையும், அதில் வேலைக்குச் சேர்ந்திருக்கக்கூடிய பாறசாலைப் பையனும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவன் துபாய்க்குப் போய்விட்டான். கேரளத்தின் வீடுகளையும் கடைத்தெருக்களையும் பல வருடம் தாங்கி நின்றது அவன் அனுப்பிய பணம். அதை அவன் சம்பாதித்தது பெரும்பாலும் சங்கம் வைக்கவே உரிமையில்லாத நாடுகளில். இது என்னை உறுத்துகிற விஷயம். 2021இல் கிட்டெக்ஸ் நிறுவனம் 3,500 கோடி ரூபாய்த் திட்டத்தைக் கேரளத்தில் கைவிட்டுத் தெலங்கானாவுக்குப் போனபோது தொலைக்காட்சியில் பெரிய விவாதம் நடந்தது. ஒரு குடோன் வராமல் போனால் விவாதம் நடக்காது.

மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே கேள்வியில் என்னை மடக்கினார். "அப்பம் டெக்னோபார்க்?" அவருடைய இளைய மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நாகர்கோவிலில் இருந்து காலை ரயிலில் கம்ப்யூட்டர் பையோடு ஏறும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும், நம் மாவட்டத்துப் படித்த பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் என்ன என்று. அந்த டெக்னோபார்க் 1990இல் ஈ.கே. நாயனாரின் இடதுசாரி ஆட்சியில் தொடங்கியது. நாட்டிலேயே முதல் தொழில்நுட்பப் பூங்கா. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று அதே அணியின் சங்கங்கள் ஊர்வலம் போன காலம் அது. கட்சி ஒன்று சொல்ல, ஆட்சி வேறொன்று செய்தது. ஆட்சி செய்ததுதான் நிலைத்தது. இன்னொன்று: நம் பக்கத்தில் பெரிய நோய் என்றால் குலசேகரத்துக்காரரும் கொல்லங்கோட்டுக்காரரும் ஆம்புலன்ஸைத் திருப்புவது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான். என் அப்பாவின் கடைசி மூன்று வாரம் அங்கேதான் கழிந்தது. நல்ல கவனிப்பு. இதை மறைத்துவிட்டு இடதுசாரிகளைத் திட்டினால் அப்பா என்னை மன்னிக்க மாட்டார்.

அப்படியானால் இடதுசாரி என்றால் எல்லா ஊரிலும் ஒரே விளைவுதானா? இல்லை என்பதற்குச் சாட்சி எங்கள் சரக்கைப் பதிக்கிற ஆட்களே. நம் மாவட்டத்தில் இப்போது டைல்ஸ் பதிப்பவர்களில் பலர் வங்காளத்துப் பையன்கள். எனக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரி முர்ஷிதாபாத்காரர். மூலை உடைந்த டைலைக்கூட வீணாக்காமல் சுவர் ஓரத்துக்கு அறுத்து வைக்கும் கை. அவருடைய மாநிலத்தில் 1977 முதல் 2011 வரை 34 ஆண்டு இடதுசாரி ஆட்சி. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்து நிலத்தில் உரிமை தந்ததை அவரும் நல்லதாகவே சொல்கிறார். ஆனால் அப்பா காலத்தில் ஊரில் எது நடந்தாலும் கட்சி ஆபீஸ் வழியாகத்தான் நடந்தது என்கிறார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, வாத்தியார் நியமனம், வீடு விற்பது, புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாவற்றுக்கும் கட்சியின் உள்ளூர் கமிட்டி. ஆரம்பப் பள்ளியில் இங்கிலீஷை எடுத்துவிட்டுப் பிற்பாடு திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் படித்த தலைமுறைக்கு அந்த வருடங்கள் திரும்பவில்லை. 2011க்குப் பிறகு ஆட்சி மாறியும் ஆட்கள் ரயில் ஏறுவது நிற்கவில்லை. பழியை முழுக்க ஒரு கட்சிமேல் போட என்னால் முடியாது. ஆனாலும் கட்சி ஊரையே விழுங்கிவிட்டால், கட்சி போன பிறகு ஊரில் மிச்சம் இருப்பது அடுத்த கட்சி மட்டும்தான்.

குமரி மாவட்டம் அப்படி ஆகாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே அரசுக்கும் குடும்பத்துக்கும் நடுவே நிறைய அமைப்புகள் இருந்தன. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். நெய்யூரில் மருத்துவமனை 1838இல் வந்தது. அய்யா வைகுண்டர் எந்த அரசாணைக்கும் காத்திருக்காமல் சனங்களைச் சேர்த்து, எல்லோரும் ஒன்றாக இருந்து உண்ணும் துவையல் பந்தி நடத்தினார். அவர் வழி வந்த வழிபாட்டு இடங்களான நிழல்தாங்கல்களில் எழுத்தும் சோறும் ஒன்றாகக் கிடைத்தது. சபைகள், பங்குப் பேரவைகள், சமுதாயச் சங்கங்கள், வாசகசாலைகள் எல்லாம் இருந்தன. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று வந்ததற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம். 1996இல் தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ.வைப் பத்மநாபபுரம் அனுப்பியது. 2004இல் நாகர்கோவில் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மினை டெல்லிக்கு அனுப்பியது. கட்சிகள் மாறின, ஊர் அமைப்புகள் நின்றன. வலதுசாரிச் சிந்தனையில் நான் மதிப்பது இந்த நடு அடுக்கைத்தான்.

இனி நாகர்கோவில். மூன்றாவது இடத்தை மச்சானுக்கு மனசுக்குப் பிடித்திருந்தது. சொந்த ஊர், பஸ் ஸ்டாண்டு பக்கம், வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டு வரலாம். அந்த வீட்டுக்காரம்மா வயதானவர். வீடு பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றார். முன்பு ஒருவர் வாடகைக்கு இருந்து, பழைய வாடகையிலேயே உட்கார்ந்து, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் அம்மாதான் பணம் கொடுத்து எழுப்பியிருக்கிறார். "அதுக்கப்புறம் சும்மா கெடந்தாலும் கெடக்கட்டும்னு விட்டுட்டேன் மக்களே" என்றார். முற்றத்தில் பாசி. கதவுச் சட்டத்தில் கரையான் மண் வரிவரியாக ஏறியிருந்தது.

வாடகைக் கட்டுப்பாடு குடியிருப்பவனைக் காக்க வந்த சட்டம். அதன் விளைவை உலகமெங்கும் ஒரே மாதிரி பார்க்கலாம். பம்பாயில் 1947இல் போட்ட சட்டம் வாடகையை 1940 அளவிலேயே நிறுத்திவைத்தது. வாடகை ஏறாத கட்டடத்தை எந்தச் சொந்தக்காரன் செப்பனிடுவான்? மழைக்காலம் தோறும் பழைய கட்டடம் இடிந்தது என்று படித்துக்கொண்டே இருக்கிறோம். அமெரிக்காவில் செயின்ட் பால் என்ற ஊரில் 2021இல் வாடகை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று மக்களே ஓட்டுப் போட்டார்கள். புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி கேட்பவர்கள் சட்டெனக் குறைந்தார்கள். மறு வருடமே, புதுக் கட்டடங்களுக்கு 20 ஆண்டு விலக்கு என்று மாற்ற வேண்டி வந்தது. பம்பாய்ச் சட்டம் இடதுசாரிக் கட்சி கொண்டுவந்ததல்ல, ஆனால் எண்ணம் அதே எண்ணம்: விலையைக் கட்டிப்போட்டால் ஏழைக்கு நல்லது. இப்போது உள்ளே இருக்கிற ஏழைக்கு நல்லதுதான். நாளைக்கு வீடு தேடி வரும் ஏழைக்கு, பூட்டிய கதவு.

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ளதுதான் வாடகை. இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. பூட்டைத் திறக்க ஒரு சட்டம் போதும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

நகரத்தில் இன்னொரு கேள்வி, ஒழுங்கு. மச்சானின் மூத்த மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். சவரக்கத்தியும் சோப்பும்கூடக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லித்தான் எடுக்க முடியும் என்று போனில் சொல்வான். அங்கே 2014இல் 950 டாலருக்கு உட்பட்ட திருட்டைச் சிறு குற்றமாக்கினார்கள். சிறை நிரம்பி வழிந்ததற்கு மாற்று என்ற நல்ல நோக்கம்தான். வலதுசாரிகள் அந்த 950ஐ எடுத்துக்கொண்டு வருடக்கணக்காக அடித்தார்கள். ஆனால் அவர்கள் ஆளும் டெக்ஸாஸிலேயே அந்த வரம்பு 2,500 டாலர். இதை அவர்கள் சொல்வதில்லை. வரம்பு பெரிய விஷயமில்லை. பிடித்தால் வழக்கு நடக்கும் என்ற நம்பிக்கை போனதுதான் விஷயம். 2022இல் சான் பிரான்சிஸ்கோ மக்கள் தங்கள் தலைமை அரசு வழக்கறிஞரை ஓட்டுப் போட்டுத் திருப்பி அழைத்தார்கள். 2024இல் கலிபோர்னியா மக்களே பெரும்பான்மை ஓட்டில் திருட்டுக்கான தண்டனையைக் கூட்டினார்கள். ஓரிகன் மாநிலத்தில் 2020இல் போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றமில்லை என்றாக்கி, 2024இல் திரும்பப் பெற்றார்கள். இந்த ஊர்கள் எல்லாம் இடதுசாரிப் பக்கம் சாய்ந்த ஊர்கள். வெளியாள் வந்து திருத்தவில்லை. பணக்காரன் காவலாளி வைத்துக்கொள்வான். ஒழுங்கு இல்லாமல் போனால் முதலில் மூடுவது முக்குக் கடை. எங்களைப் போன்றவர்கள்.

ஆனால் ஒழுங்கு என்ற பெயரில் எல்லாவற்றையும் துடைத்து எறிவதை நான் ஏற்க மாட்டேன். வடசேரிப் பக்கம் நடந்தால் பூக்கட்டி விற்கும் ஒரு அக்காவைப் பார்க்கலாம். தோவாளையில் இருந்து விடியுமுன் பூ வாங்கி வந்து, அதே மின்கம்பத்தடியில், அதே மரப்பலகையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஈரத்துணியை விலக்கி, பிச்சிப்பூவை இரண்டு விரலால் எடுத்து நாரில் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அவருக்குப் பட்டா இல்லை. ஆனால் தெருவுக்கே தெரியும், அது அவருடைய இடம். பழமையை மதிப்பவன் முதலில் மதிக்க வேண்டிய சொத்துரிமை இந்த வழக்கத்தால் வந்த உரிமைதான். 1996இல் கல்கத்தாவில் இடதுசாரி அரசு நடைபாதைக் கடைகளை ராத்திரியோடு ராத்திரியாக இடித்துத் தள்ளியது. தொழிலாளி பெயரால் ஆண்ட அரசு அது. 2014இல் வந்த மத்தியச் சட்டம், விற்பவர்களைக் கணக்கெடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. அந்த அக்காவின் பலகையைக் காப்பது என் பக்கத்துக் கொள்கை என்றே நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு நாகர்கோவில் தோற்றது கொள்கையில் இல்லை, வளைவில். டைல்ஸ் ஏற்றிய பெரிய லாரி அந்தச் சந்தில் திரும்பாது. பக்கத்து வீட்டுத் திண்ணையை இடித்தால்தான் திரும்பும். நாங்கள் எடுக்கவில்லை என்றாலும் ஒப்பந்த விவரத்தை எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா இப்போது ஒரு தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

ஆக, மார்த்தாண்டம். வாடகை நடுத்தரம். லாரி நேரே உள்ளே வரும். வெளிமாநிலம் போகும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு போட வேண்டும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை வேண்டாம். கேரளத்தில் குடோன் போட்டால் அங்கே தனி ஜிஎஸ்டி பதிவும் தனிக் கணக்கும் வேண்டும். 2017இல் ஜிஎஸ்டி வந்து களியக்காவிளைச் செக்போஸ்ட் தொல்லை போனபின் இந்தப் பக்கம் இருந்துகொண்டே அந்தப் பக்கம் விற்பதில் பெரிய சிரமம் இல்லை. எங்கள் ஆட்களை நாங்களே வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் முடிவு எளிது.

எனக்கு மட்டும் அது எளிதாக இல்லை. காரணம் என் அத்தை.

அத்தையைக் கருங்கல் பக்கம் கட்டிக்கொடுத்தது. பதினாறு வயதில் இருந்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை. கொல்லத்து முதலாளிகளின் ஆபீஸ் அது. கேரளத்தில் சங்கம் பலமாகி, குறைந்தபட்சக் கூலி ஏறியதும் அவர்கள் அண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வந்தார்கள். இங்கே கூலி குறைவு, கேட்க ஆள் குறைவு. இடதுசாரிக் கொள்கை தொழிலை விரட்டும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மேடையில் பேசும் வலதுசாரிகள் அதோடு நிறுத்திவிடுவார்கள். வந்த தொழில் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாமா? தல்லுவது கிலோக் கணக்குக் கூலி. கட்டை மேல் அண்டியை வைத்து ஒரே தட்டில் பருப்பு உடையாமல் ஓட்டைப் பிளக்க வேண்டும்; உடைந்தால் கூலி குறையும். ஓட்டில் இருந்து வடியும் எண்ணெய் தோலைத் தின்னும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். எத்தனை பூசினாலும் அத்தையின் விரல் நுனிகள் கருத்து, வெடித்து, ரேகையே இல்லாமல் போயிற்று. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் அவரை அடையாளம் காணாது. வயதுப் பிள்ளை ஒருவன் ஒவ்வொரு மாதமும் கூடவே போக வேண்டும்.

அங்கே கூலி ஏறி ஆபீஸ் மூடியது, இங்கே கூலி ஏறாமல் ஆபீஸ் நடந்தது. கொல்லத்துப் பெண் வேலையை இழந்தாள், கருங்கல் பெண் விரலை இழந்தாள். சங்கம் வேண்டாம், அரசு தலையிட வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று பேசுகிற என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய விரல் அது. அப்பா உயிரோடு இருந்தபோது வாதத்தில் நான் ஜெயிக்கிற மாதிரி இருந்தால், "ஒன் அத்தகிட்டப் போய் சொல்லுலே" என்பார். நான் போனதில்லை.

பாறசாலை வேண்டாம் என்று முடிவு செய்தால், அங்கே சட்டம் கட்டாயமாகச் செய்ய வைக்கும் நல்லதை இங்கே நாங்களாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் குறைந்த கூலி தேடி எல்லை தாண்டுகிற அதே கொல்லத்து முதலாளிதான் நானும். மச்சானிடம் இதை முதலிலேயே சொன்னேன். வைக்கப் போவது ஆறு ஆட்கள். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. கட்டாயமாக 10 பேர் வேண்டும், சேமநிதியான பி.எஃப்.க்கு 20 பேர். இந்த இரண்டு சட்டமும் எங்களைக் கேட்காது. அதனால்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதியது இது. ஆறு பேருக்கும் மாதச் சம்பளம். பெட்டிக் கணக்கு கிடையாது. ஒரு பெட்டி 25 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு நாளைக்கு நூறு தடவை குனிந்து நிமிர்கிற முதுகைப் பெட்டிக் கணக்கில் விட்டால் அவனே அவனை ஒடித்துக்கொள்வான். தள்ளுவண்டியும் கையால் இயக்கும் லிஃப்டும் முதல் மாதமே வாங்குவது. ஆறு பேரையும் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வது. தமிழ்நாட்டின் 1982 சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. பிள்ளைப் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு, 60 வயதில் ஓய்வூதியமும் உண்டு, ஆனால் தெருவை யாருக்கும் எழுதிக் கொடுக்காது. நலம் தனி, ஏகபோகம் தனி என்று பிரித்து வைத்த இந்த ஏற்பாட்டைக் கேரளத்து நண்பர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். அதோடு வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும், இரண்டிலும் இரண்டு இரண்டு லட்சம், தவணை எங்கள் செலவு. மாதம் தோறும் ஆளுக்கொரு தொகை தபால் ஆபீஸ் மாதச் சேமிப்பான ஆர்.டி.யில்.

மச்சான் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாறசாலை வாடகைக்கும் மார்த்தாண்ட வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தோடு இதையும் சேர்த்தால் முதல் வருட லாபத்தில் நல்ல ஒரு துண்டு போகிறது. "நாளைக்கு இவனுவளே கொடி நட்டா என்ன செய்வீங்க?" என்றார்.

நட்டால் உட்கார்ந்து பேசுவேன் என்றேன். சங்கம் வைப்பது அவர்கள் உரிமை. என் விமர்சனம் சங்கம் தெருவைச் சொந்தமாக்கிக்கொள்வதன் மேல்தான். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆர்.டி. தொகையை மட்டும் கொஞ்சம் குறைத்து, மற்றதற்குச் சரி என்றார்.

போன வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு கொட்டகையைக் காட்டப் போனோம். தகரத்துக்குக் கீழே வெக்கை. உள்ளே வந்ததும் அவர் பார்த்தது சுவரையும் தரையையும் இல்லை. ஆட்கள் எங்கே கை கழுவுவார்கள் என்று கேட்டார். பின்பக்கக் குழாயைக் காட்டினோம். அடுத்ததாக, "கூலி கிலோவுக்கா, மாசத்துக்கா?" என்றார்.

"மாசத்துக்கு அத்தே."

"எழுத்துலயா?"

பையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சம்பளம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, இரண்டு தடவை வாசித்தார்.